ஒன்பதும் இருபத்திரண்டும்

புதுச்சேரியிலிருந்து திண்டிவனத்துக்குப் போகும் நெடுஞ்சாலையில், உழவர்கரை நகராட்சி எல்லைக்குள், கோரிமேடு என்று வழங்கும் இடத்தில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரியின் வாசலில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்கள், முன்னாளில் தென்னாற்காடு ஜில்லா என்று அழைக்கப்பட்ட நிலப்பரப்பின் துயரமெல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்பது போன்ற அந்தக் காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் முதல் பஸ்ஸில் வந்திறங்கியவர்கள், ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கும் மறு கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஃபைலுமாக, சீட்டுக் கொடுக்கும் வேளை வரும்வரையில் மரத்தடியில் அமர்ந்திருப்பார்கள். உறவினர் ஒருவருக்குத் துணையாக நான் அங்கே சென்றிருந்த ஒரு நாளில், அப்படி அமர்ந்திருந்தவர்களுள் ஒரு தாயார் என்னை அழைத்து, ஒரு காகிதத்தை நீட்டி, "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

காகிதம் அவருடைய மகனுடையது. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் வேலை செய்யும் அந்தப் பிள்ளை, இடப்பக்க வயிறு கல்லைக் கட்டினாற்போலக் கனக்கிறது, இரண்டு கவளம் உண்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொல்லி வந்தான்; இரத்தத்தைப் பார்த்தபோது வெள்ளணுக்கள் லட்சத்தைத் தாண்டியிருந்தன, மண்ணீரல் வீங்கியிருந்தது. அதன்பின் செய்த மரபணுப் பரிசோதனையின் முடிவு அந்தக் காகிதத்தின் நடுவில் ஒரு வரியாக இருந்தது. அவ்வரியில் இரண்டு எண்கள்: ஒன்பது, இருபத்திரண்டு.

அந்தத் தாயாரின் கலக்கம் வியாதியைப் பற்றியது மட்டுமன்று. "எங்க வம்சத்துல யாருக்கும் இது கிடையாது தம்பி. மரபணுன்னு போட்டிருக்காங்களே, அப்போ இது குடும்பத்து ரத்தத்துல இருக்குன்னு அர்த்தமா? இவன் தங்கச்சிக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம்" என்று தாழ்ந்த குரலில் அவர் கேட்ட கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் மிகச் சுருக்கமானது. விரிவாகச் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

ஜீன் என்பதற்கு மரபணு என்று பெயர் சூட்டியவர்கள் நல்ல பெயரைத்தான் சூட்டினார்கள். தாய் தந்தையரிடமிருந்து மக்களுக்கு மரபுவழி வருவது என்ற அதன் பிரதான குணத்தை அப்பெயர் தெளிவாக உணர்த்துகிறது. ஆனால் புற்றுநோய் விஷயத்தில் அதே பெயர் மயக்கத்துக்கும் இடம் கொடுத்துவிடுகிறது. நம் சரீரத்திலுள்ள கோடானுகோடி அணுக்களில் ஒவ்வொன்றும், தான் இரண்டாகப் பிரியும்போதெல்லாம், தன்னுள் இருக்கும் 46 குரோமோசோம்களையும் பிரதியெடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தெழுத்தாக அறுநூறு கோடி எழுத்துக்கு மேற்பட்ட அந்தச் சுவடியைப் பிரதி செய்கையில் பிழை நேர்வது இயல்பு. பெரும்பாலான பிழைகளைத் திருத்துவதற்குரிய ஏற்பாடும் அணுவுக்குள்ளேயே உண்டு. அதையும் தப்பிவந்த ஒரு பிழை, ஆயுளின் நடுவில், ஒரே ஒரு அணுவில், அணுவின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில் அகஸ்மாத்தாக விழுந்துவிட்டால், அந்த ஒரு அணுவின் சந்ததி முழுவதும் அப்பிழையைச் சுமந்துகொண்டு பெருகுகிறது. இந்தப் பிழை அணுவின் வம்சத்தில் தோன்றியதே தவிர மனிதரின் வம்சத்தில் தோன்றியதன்று. அந்தப் பிள்ளையின் தாயிடமும் இல்லை, தங்கையிடமும் இல்லை, அவனுக்கு நாளை பிறக்கும் குழந்தைக்கும் போகாது. புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையிலானவை மட்டுமே பரம்பரையாக வந்த பிழையை ஆதாரமாகக் கொண்டவை. அவற்றைக் கண்டறியும் சோதனை வேறு, கட்டியின் பிழையைக் கண்டறியும் இந்தச் சோதனை வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் எத்தனை குடும்பங்கள் பரிசோதனைக்கே இசையாமல் ஒளிந்துகொள்கின்றனவோ என்று எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது.

இனி அந்த எண்களுக்கு வருவோம். 1960ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல் என்பவரும் டேவிட் ஹங்கர்போர்டு என்பவரும், நாள்பட்ட வகையைச் சேர்ந்த ஒரு இரத்தப் புற்றுநோயில், இருபத்திரண்டாம் குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். குரோமோசோம்களைத் தனித்தனியே பிரித்துப் பார்ப்பதே அக்காலத்தில் பெருங்கஷ்டம். அவை ஒன்றின்மேலொன்று குவிந்து கிடக்கும். நோவெல், தம் கண்ணாடித் தகட்டிலிருந்த அணுக்களைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவினார். உப்பற்ற அந்தத் தண்ணீரை உறிஞ்சி அணுக்கள் உப்பின. உப்பியபோது உள்ளே குவிந்திருந்த குரோமோசோம்கள் விலகிப் பரந்தன. எண்ணவும் அளக்கவும் தக்கவையாயின.  அந்தக் குட்டைக் குரோமோசோமுக்குப் பிலடெல்பியாக் குரோமோசோம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

குட்டையானது எப்படி என்பதற்கு மேலும் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது. சிக்காகோவிலிருந்த ஜேனட் ரவுலி என்ற பெண் மருத்துவர், குரோமோசோம்களில் பட்டை பட்டையாகச் சாயமேற்றும் புதிய முறையைக் கையாண்டு, எடுத்த போட்டோக்களைக் கத்தரித்து, தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்ப்பது வழக்கம். காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் அம்மா என்று பிள்ளைகள் சொல்வார்களாம். அந்த மேஜைமேல்தான், இருபத்திரண்டில் குறைந்த துண்டு தொலைந்துபோய்விடவில்லை, ஒன்பதாம் குரோமோசோமின் நுனியில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை அவர் கண்டார். 1973இல் அது வெளியாயிற்று. கோரிமேட்டு மரத்தடியில் என் கையிலிருந்த காகிதத்தின் ஒன்பதும் இருபத்திரண்டும் அந்த இடமாற்றத்தைக் குறிப்பவையே.

இரண்டு குரோமோசோம்களும் துண்டு மாற்றிக்கொண்ட இடத்தில், தனித்தனியே வாழ்ந்த இரண்டு ஜீன்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இயற்கையில் இல்லாத புதியதொரு புரதத்தை உண்டாக்குகின்றன. அவற்றுள் ஒரு ஜீனின் சொந்தப் புரதம், அணுவைப் பெருகு என்று ஏவிவிட்டு, பிறகு போதும் என்று நிறுத்திக்கொள்ளவேண்டியது. ஒட்டுப்பட்டதனால் அதற்கு நிறுத்தத் தெரியாமற்போய்விட்டது. கிணற்று மோட்டாரின் சுவிட்சு போட்ட நிலையிலேயே சிக்கிக்கொண்டால், வயல் நிரம்பி வரப்பு உடைந்து பக்கத்துக் கொல்லையும் மூழ்கும்வரையில் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பது போல, வெள்ளணுக்கள் வேண்டியது வேண்டாதது என்ற கணக்கின்றிப் பெருகி மஜ்ஜையையும் மண்ணீரலையும் நிறைத்துவிடுகின்றன. பழைய மருந்துகளெல்லாம் பெருகி வழிந்த தண்ணீரை இறைத்துக் கொட்டும் வேலையைச் செய்தவை. அத்துடன் பயிரையும் சேர்த்து அழித்தவை. சுவிட்சையே அணைக்கும் மருந்து ஒன்று கிடைக்குமா என்பதே கேள்வியாயிற்று.

ஸ்விட்சர்லாந்தில் ஸீபா-கெய்கி என்ற மருந்துக் கம்பெனியில் நிக்கலஸ் லைடன் முதலிய ரசாயன விஞ்ஞானிகளும், அமெரிக்காவில் பிரையன் ட்ரூகர் என்ற மருத்துவரும் சேர்ந்து தேடிக் கண்டது இமாடினிப் என்ற மாத்திரை. அந்தப் புரதம் தன் வேலையைச் செய்வதற்கு வேண்டிய சக்தியைக் கொண்டுவரும் மூலக்கூறு வந்து அமர்வதற்கென்று அதன் உடலில் ஒரு சிறு குழி உண்டு. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போல, இமாடினிப் முந்திக்கொண்டு அந்தக் குழியில் அமர்ந்துவிடுகிறது. 1998இல் மனிதர்களிடம் சோதனை தொடங்கிற்று. போதுமான அளவு கொடுக்கப்பட்ட 54 பேர்களில் 53 பேருக்கு இரத்த எண்ணிக்கை இயல்பு நிலைக்கு இறங்கிற்று என்று 2001இல் வெளியான கட்டுரை சொல்லிற்று. நோய்களின் சரித்திரத்தில் இப்படிப்பட்ட எண்கள் அபூர்வம். முன்னே, பொருத்தமான சகோதரரின் மஜ்ஜை கிடைக்காவிட்டால், சில ஆண்டுகளே என்று நாள் குறிக்கப்பட்ட வியாதி, நாள்தோறும் சாப்பாட்டுடன் ஒரு மாத்திரை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வரும் வியாதியாக மாறிற்று. பெரிய ஆய்வொன்றில் பத்தாண்டு கழித்தும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் உயிருடன் இருந்தனர்.

மாத்திரை கண்டுபிடிக்கப்பட்டது என்பதோடு இந்தக் கதையை முடித்துவிடும் நூல்கள் பல. லேத் பட்டறைக் கூலியில் வாழும் பிள்ளைக்கு அது கிடைத்தது எப்படி என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவது பாதிக் கதையைச் சொல்வதாகும். அந்த மறுபாதி நடந்ததோ, பெரும்பகுதி, சென்னையில். ஸீபா-கெய்கியின் வாரிசான நோவார்டிஸ், இமாடினிப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு இந்தியக் காப்புரிமை வேண்டி 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் செய்தது. முன்பே அறியப்பட்ட பொருளின் புதுவடிவம், அதைவிட மேலான பயனைத் தருவதாக நிரூபித்தாலன்றிக் காப்புரிமைக்கு உரியதன்று என்று நம் நாட்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு விதி உண்டு. புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கமும் உள்நாட்டுக் கம்பெனிகளும் அதைக் காட்டி எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்த விதியே அரசியல் சாசனத்துக்கு முரண் என்ற வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் ஏற்க மறுத்தது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்சநீதிமன்றம் கம்பெனிக்கு எதிராக முடிவாகத் தீர்ப்பளித்து வழக்கை முடித்தது. கம்பெனியின் மாத்திரை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்றும், உள்நாட்டில் செய்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய் என்றும் அன்று கணக்குச் சொன்னார்கள். உள்நாட்டு விலை பிறகு இன்னும் இறங்கிற்று. நோவார்டிஸ் நம் நாட்டில் ஆயிரக்கணக்கான ஏழை நோயாளிகளுக்கு இம்மருந்தை இலவசமாக வழங்கியதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் தானமாகக் கிடைப்பதும் கடையில் வாங்கக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

இமாடினிப் வெளிநாட்டில் பிறந்து இங்கே வந்தது. ஆனால் ஜீனைப் பார்த்து மருந்தைத் தேர்வதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு பங்கும் உண்டு. அது வேலூரில் நடந்தது. தீவிரமான இரத்தப் புற்றுகளில், மிகக் கொடியது என்று ஒரு காலத்தில் எண்ணப்பட்ட வகை ஒன்றுண்டு. ஈறிலிருந்தும் மூக்கிலிருந்தும் இரத்தம் கசிய, தோலில் நீலத் திட்டுகளோடு வரும் நோயாளி, வியாதியின் பெயர் தெரிவதற்குள்ளேயே மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு மாண்டுபோவதும் உண்டு. நுண்ணோக்கியில் அதன் அணுக்களைப் பார்த்தால், ஊசி ஊசியான சிவந்த குச்சிகள் அணுவுக்குள் விறகுக்கட்டுப் போல அடுக்கிக் கிடப்பது தெரியும். இங்கே இடம் மாறிக்கொண்டவை பதினைந்தும் பதினேழும். அந்த ஒட்டு ஜீனின் புரதம், முதிரவேண்டிய இரத்த அணுக்களை முதிரவிடாமல் குழந்தைப் பருவத்திலேயே நிறுத்திவைக்கிறது. இதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து இரண்டு செய்திகள் வந்தன: ஷாங்காயில், வைட்டமின் ஏயின் உறவான ஓர் அமிலம் இவ்வணுக்களை முதிரச் செய்கிறது என்பது ஒன்று, ஹார்பினில், ஆர்சனிக் டிரையாக்சைடு இவற்றை நாசம் செய்கிறது என்பது மற்றொன்று.

ஆர்சனிக் டிரையாக்சைடு வேறொன்றுமன்று. நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்து, பயபக்தியோடு கையாண்ட பொருளே. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் விக்ரம் மாத்யூஸ், அலோக் ஸ்ரீவாஸ்தவா முதலிய மருத்துவர்கள், வெளிநாட்டில் வழங்கிய விலையுயர்ந்த மருந்துக் கூட்டுகளை வாங்க முடியாத நோயாளிகளை முன்னிட்டு, 1998 முதல் இந்த ஒரு மருந்தை மட்டுமே, ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே தயாரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2004 வரையில் இவ்வாறு சிகிச்சை பெற்ற 72 பேரில் நூற்றுக்கு 86 பேருக்கு நோய் அடங்கிற்று; மூன்றாண்டு கழித்தும் ஏறத்தாழ முக்கால் பங்கினர் நோய் திரும்பாமல் இருந்தனர் என்று 2006இல் அவர்கள் எழுதியதை உலகம் கவனித்தது. பாஷாணம், ஒட்டுப் புரதத்தின் ஒரு பாதியை நேராகப் பற்றிக்கொண்டு, அணுவின் சொந்தக் குப்பை அகற்றும் ஏற்பாட்டினிடம் அதை ஒப்படைத்துவிடுகிறது. தடை நீங்கியவுடன் அணுக்கள் முதிர்ந்து, தம் ஆயுள் முடிந்து, மாய்கின்றன. வேறு வகை இரத்தப் புற்றுக்கு இதே பாஷாணத்தைக் கொடுத்தால் இந்தப் பலன் கிடையாது; கிடைப்பது பெரும்பாலும் விஷத்தின் தீங்கே. பதினைந்து, பதினேழு என்ற எண்களைப் பார்த்துவிட்டுக் கொடுத்தால்தான் பாஷாணம் அமிர்தமாகிறது.

பார்க்காமல் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு, எனக்குத் தெரிந்தவரையில், நுரையீரல் புற்றைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை. புகையிலையைத் தொட்டே அறியாத பெண்களுக்கும் வரக்கூடிய ஒருவகை நுரையீரல் புற்றில், ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனில் பிழை இருப்பது அடிக்கடி காணப்படுகிறது. ஆசிய நாட்டவரிடம் அது மேலை நாட்டவரைவிட அதிகம். ஜெபிடினிப் என்ற மாத்திரை அந்தப் பிழையுள்ளவர்களுக்கு நன்றாக வேலை செய்கிறது. மாத்திரைதானே, ஊசி மருந்தின் வாந்தியும் மயிர் உதிர்தலும் இல்லையே, எல்லோருக்கும் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றுவது இயற்கை. ஆசியாவில் 1,217 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறிற்று: பிழையுள்ளவர்களுக்கு மாத்திரை, வழக்கமான ஊசி மருந்தைவிட நோயை நெடுநாள் அடக்கிவைத்தது, பிழையில்லாதவர்களுக்கோ, அதே மாத்திரையில் நோய் முற்றும் அபாயம் ஊசி மருந்தில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரே உறுப்பில், ஒரே பெயருள்ள வியாதி. ஒருவருக்கு மருந்தாக இருந்தது மற்றொருவருக்குக் காலத்தை வீணாக்கும் வழியாயிற்று.

மரபணு பார்த்துச் செய்யும் வைத்தியம் பணக்காரர்களுக்கானது என்று படித்தவர்களும் பேசக் கேட்கிறேன். பொருந்தாத மருந்தை மூன்று மாதம் வாங்கிச் சாப்பிட்டுப் பயனில்லை என்று தெரிந்தபின் வேறு மருந்துக்கு மாறுவது, செல்வர்களுக்கு மூன்று மாத நஷ்டம். இரண்டு காணி நிலத்தை அடமானம் வைத்து வந்தவர்களுக்கு, அதன்பின் மாறுவதற்குக் கையில் ஒன்றுமிராது. முதல் மருந்தே சரியான மருந்தாக அமையவேண்டிய அவசியம் ஏழைக்குத்தான் அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டியின் ஜீனைப் பற்றியது. எந்த மருந்து என்பதை அது சொல்கிறது. எவ்வளவு மருந்து என்பதைச் சொல்வது நோயாளியின் சொந்த ஜீன்; பிறக்கும்போதே கூட வந்தது; உண்மையாகவே மரபு வழிப்பட்டது. இந்தத் துறையில் கோரிமேட்டுக்குக் கௌரவமான ஓரிடம் உண்டு. பிரெஞ்சுக்காரர் 1823இல் புதுச்சேரியில் தொடங்கிய வைத்தியப் பள்ளியைத் தன் மூலமாகக் கூறிக்கொள்வதும், 1964 முதல் ஜிப்மர் என்ற பெயரோடு விளங்குவதுமான அந்த நிலையத்தின் மருந்தியல் துறையில், சி. ஆதித்தனும் அவருடைய சகாக்களும், தென்னாட்டு மக்களின் சரீரம் மருந்துகளை எப்படி ஜீரணிக்கிறது என்பதை ஜீன் ஜீனாக எடுத்து ஆராய்ந்தார்கள். 2003இல் வெளியான அவர்களது கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே தமிழ் மக்கள் என்ற குறிப்பு இருக்கும். வயிற்றெரிச்சல் மருந்து முதல் மாரடைப்புக்குப் பின் கொடுக்கும் மருந்து வரையில் பலவற்றைக் கையாளும் ஈரல் நொதி ஒன்றின் வேலை செய்யாத வடிவம், ஐரோப்பியரிடம் நூற்றுக்குப் பதினைந்து என்ற அளவில் இருக்க, தமிழரிடம் முப்பத்தெட்டை ஒட்டியிருந்ததாக அவர்கள் கண்டார்கள். இலண்டனிலோ பாஸ்டனிலோ வகுத்த மருந்தளவை அப்படியே விழுப்புரத்தில் பிரயோகிப்பது எத்தனை ஆபத்தானது என்பதை அந்த ஓர் எண்ணே காட்டிவிடுகிறது. புற்றுநோய் மருந்துகளோடு சம்பந்தப்பட்ட ஜீன்களையும் அவர்கள் பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள்.

அவற்றுள் ஒன்றைச் சற்று அருகில் வைத்துப் பார்க்கலாம். குடல் புற்றுக்குக் கொடுக்கும் இரினோடிகான் என்பது, சீனத்து மரம் ஒன்றிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் உள்ள சத்திலிருந்து பிறந்த மருந்து. வேலை முடிந்தபின் அதை ஈரல் கழித்தனுப்ப வேண்டும். அதற்குரிய ஜீனின் முகப்பில் டி, ஏ என்ற இரண்டு எழுத்துக்கள் ஆறு முறை அடுத்தடுத்து வரும். சிலரிடம் அது ஏழு முறை வருகிறது. அத்தனை கோடியில் இரண்டே எழுத்து அதிகம், அவ்வளவுதான் பேதம். ஆனால் தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஏழு உடையவர்களிடம் ஈரல் அந்த மருந்தை மெதுவாகவே கழிக்கிறது. வெளியேறாமல் தங்கிய மருந்து குடலை அரித்து வயிற்றுப்போக்கையும், வெள்ளணுக்களைக் குறைத்துக் கடுமையான தொற்றையும் உண்டாக்கக்கூடும். முன்கூட்டி அறிந்தால் முதல் அளவையே குறைத்துத் தொடங்கலாம்.

குழந்தைகளின் இரத்தப் புற்று விஷயம் இன்னும் படிப்பினை தருவது. முதற்கட்டச் சிகிச்சை முடிந்தபின் மெர்காப்டோப்யூரின் என்ற மாத்திரையைப் பல மாதங்கள், ஏறத்தாழ இரண்டாண்டுக்குக் கொடுத்துவருவது வழக்கம். சில குழந்தைகளுக்கு வழக்கமான அளவே விஷமாகி மஜ்ஜையை அடக்கிவிடும். டி.பி.எம்.டி. என்ற நொதியின் குறைவே காரணம் என்று மேல்நாட்டார் கண்டு, அதற்குச் சோதனையும் ஏற்படுத்தினார்கள். ஐரோப்பியரிடம் முந்நூறு பேரில் ஒருவருக்கு அந்த நொதி அடியோடு இல்லை. நம் குழந்தைகளிடம் அந்தச் சோதனையைச் செய்தால் பெரும்பாலோர்க்குக் குறையில்லை என்றே வரும். இருந்தும் மஜ்ஜை அடங்கும். மருத்துவர்களைத் திகைக்க வைத்த இந்தப் புதிர் 2014இல் கொரியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வினால் அவிழத் தொடங்கிற்று: என்.யு.டி.டி.15 என்ற வேறொரு ஜீனின் மாறுபட்ட வடிவம் இதே தீங்கைச் செய்கிறது. அது ஐரோப்பியரிடம் அரிது, ஆசியரிடம் பரவலாக உண்டு. வெள்ளையர் உடம்பைப் பார்த்து வகுத்த பரிசோதனை, நம் வீட்டுக் குழந்தையைக் காப்பாற்றாமல், காப்பாற்றிவிட்டதாக நம்மை நம்பவைத்திருந்தது. நம் மக்களின் ஜீன்களை நாமே படித்தாகவேண்டும் என்று நான் வற்புறுத்துவது வெறும் தேசாபிமானத்தால் அன்று; இப்படிப்பட்ட குழந்தைகளை நினைத்தே.

அந்தப் படிப்பு மெல்லத் தொடங்கியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. இந்தியப் புற்றுநோய் ஜீன்களின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. மார்பகப் புற்று கண்ட 480 பேரிடம் பெற்ற 960 மாதிரிகளில், புரதங்களை ஆக்கும் பகுதி முழுவதையும் வாசித்து ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவைத்திருக்கிறார்கள். நம் ஜனத்தொகைக்கு முன் 480 என்பது கைப்பிடியளவே. ஆயினும், பரிசோதனை அறிக்கையில் "பொருள் விளங்காத மாறுபாடு" என்று எழுதி வைத்தியரும் நோயாளியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டிய நிலை நம்மவர்க்கே அதிகம் நேர்வதற்குக் காரணம், அந்த மாறுபாட்டைத் தாங்கிய வேறு மனிதர்கள் இதுவரை எண்ணப்படாமையே. ஆதலால் ஒவ்வொரு மாதிரியும் பின்னால் வருகிறவர்க்கு உதவும்.

இவ்வளவு சொன்னபின், சொல்லாமல் விடக்கூடாதது ஒன்றுண்டு. எல்லாப் புற்றும் ஒன்பதும் இருபத்திரண்டும் போல ஒரே பிழையால் நிற்பதில்லை. திடக் கட்டிகள் பலவற்றில் பிழைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எது ஓட்டுபவன், எது பின்னால் தொற்றிக்கொண்டு வருபவன் என்று பிரிப்பதே பெரும்பாடு. பிரித்தறிந்தாலும் அதற்கு மருந்து இல்லாமலிருக்கலாம். கட்டி முழுவதையும் வாசித்துப் பார்த்தவர்களில் பொருத்தமான மருந்து கிடைப்போர் இன்றும் சிறுபான்மையே. கிடைத்த மருந்துக்கும் நோய் வழி கண்டுபிடிக்கிறது. இமாடினிப் அமரும் குழியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், அதற்கு அங்கே இடமிராது. அப்போது அந்த மாறிய குழிக்கும் பொருந்தும் வேறு மருந்தைத் தேட வேண்டும். தேடுவதற்கு ஜீனை மறுபடி வாசிக்க வேண்டும். பிரசங்கங்களிலும் விளம்பரங்களிலும் இந்த வைத்தியத்துக்குக் கொடுக்கப்படும் வாக்குறுதிகளைக் கேட்டுச் சொத்தை விற்றுப் பெரிய நகரங்களுக்கு ஓடுகிறவர்களிடம், எந்தப் பரிசோதனை எந்த மருந்தைத் தீர்மானிக்கப் போகிறது என்று முதலில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள் என்று மன்றாடிச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தத் தாயாரை நான் மறுபடி சந்தித்தேன். முதற் சந்திப்புக்கு ஓராண்டுக்குப் பின், அதே மரத்தடி, இந்தத் தடவை மகனும் கூட இருந்தான், கன்னத்தில் சதை பிடித்திருந்தது, பட்டறைக்குப் போய்வருகிறானாம். தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாயிற்று. ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மூன்று மாதத்துக்கொருமுறை ஒரு குழாய் இரத்தம் எடுத்து, ஒட்டு ஜீனின் சுவடு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பி.சி.ஆர். கருவியால் அளக்கிறார்கள், தொடக்கத்தில் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் இருந்த எண், இப்போது ஆயிரத்தில் ஒன்று என்னும் எல்லையை நெருங்கியிருந்தது. பிள்ளை கேட்டது ஒரே கேள்வி: "எப்போ சார் இந்த மாத்திரையை நிறுத்தலாம்?"

அந்தக் கேள்வியை ஆராய்ந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இரண்டாண்டுக்குக் குறையாமல் சுவடே தென்படாத நூறு பேரிடம் மாத்திரையை நிறுத்திப் பார்த்து 2010இல் அவர்கள் எழுதினார்கள்: பத்தில் நான்கு பேரிடம் நோய் திரும்பவில்லை, திரும்பியவர்களில் பெரும்பாலோர்க்கு முதல் ஆறு மாதத்துக்குள் திரும்பிற்று, மறுபடி மாத்திரை தொடங்கியவுடன் அடங்கிற்று. ஆனால் நிறுத்தியபின் மாதந்தோறும் இரத்தம் கொடுத்துச் சுவடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தானாக நிறுத்துவது தற்கொலைக்குச் சமானம். சுவடு தென்படாமற்போகட்டும், பிறகு டாக்டரிடம் கேள் என்றேன். அவன் தலையாட்டிவிட்டு, இரத்தம் எடுக்கும் அறையின் வரிசையில் போய் நின்றுகொண்டான். அவனுக்கு முன்னால் முப்பது பேர் இருந்தார்கள்.